ஏற்காட்டில் எச்.பி.வி. முகாம் நடத்தப் போகிறீர்களா? கடைசி வேலையில் இருந்து தொடங்குங்கள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் எச்.பி.வி. பரிசோதனையைச் சேலத்திலும் சேர்வராயன் மலை ஊர்களிலும் வீடு வீடாகக் கொண்டுபோகும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நர்சிங் முடித்த கையோடு சிலர் வருவார்கள், மகளிர் குழுவில் இருந்து தன்னார்வலராகச் சிலர், மருத்துவக் கல்லூரி மாணவர்களாகச் சிலர். எல்லோரும் முதல் நாள் கேட்பது, இன்றைக்கு எத்தனை பேரிடம் மாதிரி எடுத்தோம் என்றுதான். அந்தக் கணக்கு எனக்கு இரண்டாவது. பாசிட்டிவ் வந்த பெண்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். மாதிரியை எடுத்துவிட்டு முடிவைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் விட்டால், அந்தப் பெண்ணுக்கு நாம் எதுவுமே செய்யவில்லை. அதனால் இந்த வேலையைப் பின்னால் இருந்து முன்னால் திட்டமிட வேண்டும்.

நோயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு 1,20,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது; 75,000-க்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதில் பல வகை உண்டு; 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். தாம்பத்திய உறவு வழியாகப் பரவும். உறவில் இருக்கிற பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வந்துபோகும். அதிகமும் ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் வைரஸ் தங்கிவிடும். தங்கினால் கர்ப்பப்பை வாயில் உள்ள செல்கள் மெல்ல மெல்ல மாறி, புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். எச்.ஐ.வி. போல எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலையில் 5 முதல் 10 ஆண்டிலேயே ஆகிவிடலாம். இத்தனை வருஷ அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அந்த அவகாசத்துக்குள் ஒரு தடவை சோதித்துவிட்டாலே எவ்வளவோ செய்யலாம்.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,30,000-க்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே ஒரு தடவை எச்.பி.வி. பரிசோதனை செய்த ஊர்களில் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு, வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த ஊர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கு முன்பே நம் திண்டுக்கல் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்த சோதனையால் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஆய்வு வந்தது. ஊருக்குள் போய்ச் செய்தால் பலன் இருக்குமா என்று யாராவது கேட்டால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் வந்தால் எங்கே போவார்?

மாதிரி எடுக்கும் முதல் பஞ்சுக் குச்சியைப் பிரிப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். உஸ்மானாபாத் ஆய்வில் நூறு பேரைச் சோதித்தால் பத்துப் பேருக்கு பாசிட்டிவ் வந்தது. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஆனாலும் 200 பேரிடம் மாதிரி எடுக்கப் போகிறீர்கள் என்றால், 20 பேரை அடுத்த சோதனைக்கு எங்கே, எந்தக் கிழமை, யாரிடம் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

முதலில் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள். அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அசிட்டிக் அமிலச் சோதனையை அங்கே செய்கிற செவிலியர் யார், அவர் எந்த நாட்களில் இருப்பார், சூடு வைத்துச் சிகிச்சை தரும் கருவி அங்கேயே இருக்கிறதா அல்லது எங்கே அனுப்புகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மகளிர் பிரிவில் ஒரு மருத்துவரிடமாவது முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். "ஜி.எச்.-க்குப் போங்க" என்று சீட்டு எழுதிக் கொடுப்பது திட்டம் ஆகாது. மலை உச்சி ஊரில் இருந்து வருகிற பெண்ணுக்கு அந்தக் கட்டடத்துக்குள் எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது.

மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, எத்தனை நாளில் முடிவு வரும் என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள். காசநோய்ச் சளிப் பரிசோதனைக்குப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் கருவிகளில் எச்.பி.வி.யும் பார்க்கலாம், அதற்கென்று தனி கார்ட்ரிட்ஜோ சிப்போ வேண்டும். ஆக, பக்கத்திலேயே கருவி இருக்கலாம், அதற்கான சிப் இல்லாமல் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

யாருக்கு எடுப்பது, யாருக்கு வேண்டாம்

பொதுவாக 30 வயதில் இருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது, எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதில் இருந்தே. நம் அரசுத் திட்டம் 30 முதல் 65 வயது வரை என்று வைத்திருக்கிறது. கிட் குறைவாக இருந்தால், இதுவரை ஒரு தடவைகூடச் சோதிக்காத 30 முதல் 49 வயதுக்காரர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இப்போது வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு பார்க்கலாம். மாதவிலக்கில் இருப்பவர்களுக்கு வேறு நாள் கொடுங்கள். கர்ப்பப்பையை முழுதாக எடுத்தவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. புற்றுநோய்க்காகவோ அதன் முன்நிலைக்காகவோ எடுத்திருந்தால் மட்டும் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். "எனக்கு ஆபரேஷன் ஆயிருச்சுங்க" என்று ஓர் அம்மா சொன்னதும் பேரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம் பக்கம் அந்தச் சொல் முக்கால்வாசி நேரம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனைத்தான் குறிக்கும். அவர்களுக்குப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். "குழந்தை வேண்டாம்னு பண்ணுனதா, கர்ப்பப்பையையே எடுத்ததா? அதுக்கப்புறம் தூரம் வந்துச்சா?" என்று கேட்டால் தெளிந்துவிடும்.

இன்னொரு கூட்டம் தானாகவே விலகிக்கொள்ளும்: கணவரை இழந்தவர்கள், பிரிந்து வாழ்கிறவர்கள், மாதவிலக்கு நின்றவர்கள். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பாருங்க" என்பார்கள். வைரஸ் எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் வந்து தங்கியிருக்கலாம். அவர்களைச் சோதனைக்குப் போகச் சொல்ல வீட்டில் பெரும்பாலும் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். நாம்தான் திரும்பவும் போய்க் கேட்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எப்போதும் மறக்காதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுகிறது, உறவுக்குப் பின் ரத்தம் வருகிறது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் வருகிறது, நாற்றத்தோடு வெள்ளைப்படுகிறது, அடிவயிற்று வலி விடவில்லை என்று யாராவது சொன்னால் அவரிடம் குச்சியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அறிகுறி இல்லாதவர்களுக்கான சோதனை இது. அவர் அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முடிந்தால் கூடவே ஆள் அனுப்புங்கள்.

நாளும் இடமும்

மலையில் நவம்பர் தொடங்கி ஜனவரி வரை காபிப் பழம் பறிப்பு, அப்புறம் மிளகு. அந்த மாதங்களில் பகலில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் வயதானவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும், பேருந்தில் இடம் கிடைக்காது. இவற்றை விட்டுவிட்டுத் தேதி வையுங்கள். எஸ்டேட்டில் வேலை நேரத்துக்குள் வைப்பதாக இருந்தால் அந்த நாள் கூலி பிடிக்க மாட்டோம் என்று நிர்வாகத்திடம் முதலிலேயே வாய்விட்டுக் கேட்டு வாங்கிவிடுங்கள். மேஸ்திரி கணக்கெடுக்கும் இடத்தில் முகாம் போடாதீர்கள். யார் போனார்கள், யார் போகவில்லை என்பது மேஸ்திரிக்குத் தெரியவே கூடாது.

கீழே சேலத்தில் கணக்கு வேறு. அம்மாபேட்டை, குகைப் பக்கம் தறி வேலைக்குப் போகிற பெண்களுக்கும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களுக்கும் மாலையும் ஞாயிறும்தான் ஒழியும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை முடியும் வரை எதையும் வைக்காதீர்கள்.

இடத்துக்கு இரண்டே தேவை: உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஓர் அறை, கை கழுவத் தண்ணீர். அங்கன்வாடி போதும், துணை சுகாதார நிலையம் இன்னும் நல்லது. இந்தப் பரிசோதனையின் பெரிய வசதி, பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்பது. அதனால் அவர் வீட்டுக் குளியலறையே போதும் என்றால் அங்கேயே எடுக்கட்டும்.

வாசலில் நின்று பேசுவது

தனியாகப் போகாதீர்கள். கிராம சுகாதார செவிலியரோ, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற அக்காவோ கூட வந்தால் கதவு தானாகத் திறக்கும். மலை ஊர்களில் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் சம்மதம் தரவேண்டியவர் அந்தப் பெண் மட்டும்தான். பெரியவர் சரி என்றார், கணவர் சரி என்றார் என்பதெல்லாம் சம்மதம் ஆகாது. அதேபோல, வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விடுங்கள். சம்மதிக்காவிட்டால் மாத்திரை நிற்கும், அட்டையில் பெயர் போகும் என்ற பயம் யாருக்கும் வரக் கூடாது.

என்ன சொல்வது? நான் இப்படித் தொடங்குவேன்: "அக்கா, இது உங்களுக்குப் புற்றுநோய் இருக்கான்னு பார்க்கறது இல்லைங்க. பின்னாடி புற்றுநோயா மாறக்கூடிய கிருமி இருக்கான்னு இப்பவே பார்க்கறது. இருந்தாலும் பயப்பட வேண்டாம், பல பேருக்குத் தானாப் போயிரும். போகலைன்னா சின்ன சிகிச்சையிலேயே சரி பண்ணிக்கலாம்." அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு அவர் பேசுவதைக் கேளுங்கள். வலிக்குமா, உள்ளே மாட்டிக்கொள்ளுமா, கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா என்று வரிசையாக வரும். வலிக்காது, கொஞ்சம் கூச்சமாக இருக்கலாம். உள்ளே தொலைந்துபோக வழியே இல்லை. பாசிட்டிவ் என்பதற்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதே இல்லை.

எச்.பி.வி. என்றதும் எச்.ஐ.வி. என்று காதில் விழும். கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்: இரண்டும் வேறு வேறு வைரஸ், இந்தச் சோதனையில் எச்.ஐ.வி. பார்ப்பதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மறுநாள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும்; அதை அடக்கவே ஒரு மாதம் ஆகும்.

மாதிரி எடுக்கும் நாள்

குழாயைப் பெண்ணின் கையில் கொடுக்கும் முன்பே ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள், மூடி மாறிவிடும். குழாயின் உடம்பில் ஒட்டுங்கள். பெயருக்குப் பதிலாக எண் இருக்கட்டும், அதே எண் உங்கள் நோட்டில் பெயரோடு இருக்கட்டும். ஒரே ஊரில் லட்சுமி, மாரியம்மாள், சின்னப்பொண்ணு என்று ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். அதனால் வயது, வீட்டு அடையாளம், அப்பா அல்லது கணவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள்.

அதோடு ஒரு கேள்வி: "இந்த நம்பர் யாரோட போன்?" முக்கால்வாசி பேர் மகன் நம்பரையோ கணவர் நம்பரையோதான் தருவார்கள். முடிவை அதில் சொல்லலாமா, கூடாதா, வேறு எப்படித் தெரிவிக்கட்டும் என்று அந்தப் பெண்ணையே கேட்டு, அவர் சொன்னபடி எழுதுங்கள். மலையில் பல ஊர்களில் சிக்னலும் இருக்காது. நேரில் வருகிறேன் என்று நாள் சொல்லிவிட்டு வருவதே மேல்.

எடுக்கும் முறையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கையில் குச்சியை வைத்துக் காட்டுங்கள். முந்தின இரண்டு நாள் பெண்ணுறுப்புக்குள் மருந்து, கிரீம் எதுவும் வைத்திருக்கக் கூடாது. உறவையும் தவிர்த்திருந்தால் நல்லது. கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். குந்தி உட்காரலாம், ஒரு காலை முக்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கலாம், படுத்தும் எடுக்கலாம். எது பழக்கமோ அது. பஞ்சு முனையைத் தொடாமல் குச்சியைப் பிடித்து, அதில் கோடு போட்டிருக்கும் இடம் வரை, அல்லது லேசாகத் தடுக்கும் வரை மெதுவாக உள்ளே விட வேண்டும். அங்கேயே வைத்துச் சுற்ற வேண்டும்; எத்தனை சுற்று என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், பெரும்பாலும் 10 முதல் 30 வினாடி. வெளியே எடுத்ததும் வேறெங்கும் படாமல் குழாய்க்குள் போட்டு மூட வேண்டும். கீழே விழுந்துவிட்டால் அந்தக் குச்சி வேண்டாம், புதிதாக ஒன்று கொடுங்கள். அதைத் தயங்காமல் வந்து சொல்லலாம் என்பதை உள்ளே போகும் முன்பே சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு அதையே போட்டுத் தருவார்கள்.

தானே எடுக்கப் பயப்படுகிறவர்களுக்குச் செவிலியர் எடுத்துத் தரட்டும். தானே எடுத்த மாதிரியும் வைரஸின் மரபணுவைத் தேடும் நல்ல பி.சி.ஆர். முறையில் சோதித்தால் மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய சமமாக நோயைக் கண்டுபிடிக்கிறது, அதனால் "நீங்க எடுத்தா சரியா வராது" என்று யாரும் சொல்லக் கேட்டால் அங்கேயே திருத்துங்கள்.

குழாய்களை எவ்வளவு நாள், எந்த வெப்பத்தில் வைக்கலாம் என்பது கிட் பெட்டியிலேயே இருக்கும். வெயிலில் நிற்கும் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். திரவம் உள்ள குழாய் என்றால் நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஆய்வகத்தில் ஒப்படைக்கும்போது எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

முடிவைச் சொல்வது

நெகட்டிவ் வந்தவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவர்கள் இரவில் தூங்க மாட்டார்கள். அடுத்த சோதனை 5 ஆண்டு கழித்து என்று அட்டையில் மாதமும் வருஷமும் எழுதிக் கொடுங்கள். அதற்குள் மேலே சொன்ன அறிகுறி ஏதாவது வந்தால் நெகட்டிவ் அட்டையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். சில மாதிரிகளில் முடிவே தெரியவில்லை என்று வரும். அவர்களிடம் மீண்டும் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாசிட்டிவ் வந்தவர்களிடம் தனியாக, நேரில், உட்கார்ந்து பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், வாசலில் நின்றபடியும் வேண்டாம். பாசிட்டிவ் வீடுகளுக்கு மட்டும் போனால் ஊரே கணக்குப் போட்டுவிடும். அதனால் நெகட்டிவ் அட்டைகளையும் அதே நாளில் வீடு வீடாகக் கொடுங்கள்.

முதல் வாக்கியம், "உங்களுக்குப் புற்றுநோய் இல்லைங்க, கிருமி இருக்கு, இன்னொரு சோதனை பார்க்கணும்" என்று இருக்கட்டும். அடுத்து அவர் கேட்கலாம், கேட்காமல் மனசுக்குள் வைத்தும் கொள்ளலாம்: இது யாரிடம் இருந்து வந்தது? இந்த வைரஸ் உடம்பில் பல வருஷம் சத்தமில்லாமல் இருக்கும். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அவர் மேலோ கணவர் மேலோ பழி போட இதில் ஆதாரம் இல்லை. இதைப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்த ஆளைத்தான் இந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கணவரிடமும் விளக்கச் சொல்லி அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும் விளக்குங்கள். ஒரு பெண் அடிபடுவதற்கு நம் சீட்டு காரணமாகிவிடக் கூடாது.

சிகிச்சைக்குப் போகும் நாள்

இங்கேதான் பெண்கள் காணாமல் போவார்கள். மனசில்லாமல் இல்லை. ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, பிள்ளையைப் பள்ளியில் இருந்து அழைத்து வருவது, மாடு, மாமியார் எல்லாம் சேர்ந்து அந்த நாளைத் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே தேதியை அவரிடம் கேட்டு வையுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் விரும்பினால் ஒன்றாக அழைத்துப் போகலாம். ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்றால் தனித்தனியாக. உங்கள் திட்டத்தில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பேனருக்கும் மாலைக்கும் செலவு செய்யாமல் இந்த வண்டி வாடகைக்கு வையுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள்; மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். மாதவிலக்கு நின்ற வயதில் அந்த இடம் உள்ளே போய்விடுவதால் இந்தச் சோதனை சரியாகத் தெரியாது. அவர்களை மருத்துவக் கல்லூரிக்கே அனுப்புவது நல்லது. வெள்ளை இடம் சிறியதாக, முழுதும் கண்ணுக்குத் தெரிவதாக இருந்தால் சூடேற்றிய சிறு கருவியால் தொட்டு அந்தச் செல்களை அழிப்பார்கள். சில நிமிஷ வேலை, படுக்கையில் சேர வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்கு வரலாம். பிறகு சில வாரம் தண்ணீர் மாதிரி வெள்ளைப்படும், அது குணமாவதற்கான அறிகுறிதான். சுமார் ஒரு மாதம் முதல் ஆறு வாரம் வரை உறவு வேண்டாம் என்பார்கள். இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். காய்ச்சல், கடும் வலி, அதிக ரத்தப்போக்கு இருந்தால் உடனே திரும்பி வர வேண்டும்.

இடம் பெரிதாக இருந்தாலோ உள்ளே போயிருந்தாலோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் சதைப் பரிசோதனை. வெறும் எச்.பி.வி. பாசிட்டிவ் சீட்டைக் காட்டியதும் யாராவது "கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்று சொன்னால், அந்தப் பெண் சம்மதிக்கும் முன் அரசு மருத்துவமனை மகளிர் மருத்துவரிடம் இன்னொரு தடவை காட்டச் செய்யுங்கள். அரிதாக யாருக்காவது புற்றுநோயே உறுதியானால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். 104-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

நோட்டு

சிகிச்சை பெற்றவருக்கு 12 மாதத்தில் மறுபடி எச்.பி.வி. சோதனை. பாசிட்டிவ் வந்து, அமிலச் சோதனையில் ஒன்றும் தெரியாதவருக்கு 24 மாதத்தில். இந்தத் தேதிகளைத்தான் எல்லோரும் தவற விடுகிறோம், ஏனென்றால் அதற்குள் திட்டம் முடிந்திருக்கும், நீங்களும் வேறு வேலைக்குப் போயிருப்பீர்கள்.

முகாமில் மகள்களைப் பற்றியும் கேட்பார்கள். எச்.பி.வி. தடுப்பூசி 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் நல்ல பலன் தரும்; இந்தியாவிலேயே தயாரான செர்வாவாக் 2023-இல் வந்தது. ஏற்கெனவே இருக்கிற வைரஸை அது போக்காது. அதனால் அம்மாவுக்குச் சோதனை, மகளுக்கு ஊசி என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஊசி போட்ட மகளும் 30 வயதில் சோதிக்கத்தான் வேண்டும்.

பாசிட்டிவ் வந்தவர்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, மறுசோதனைத் தேதி வாரியாகத் தனியாக எழுதி, கிராம சுகாதார செவிலியரிடம் கையில் கொடுங்கள். செவிலியர் மாற்றலாகிப் போனால் யாரிடம் அது போகும் என்று அவரிடமே கேட்டு, அந்தப் பெயரையும் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.